நீட்டினால் எட்டுப் பேர்

"அதைச் சுவத்துல சாய்க்காதீங்க, வளைஞ்சிரும். படுக்க வைங்க."

நடுப்பலகையைத் தூக்கிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மதியத்திலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மூத்த மருமகள் பேசிய முதல் பேச்சு அது. மாமனார் செத்துக் கிடக்கிறார், இவளுக்குப் பலகை வளைவதுதான் கவலையா என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அது ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணாடிப் பெட்டி வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதைக் கூடத்தில் வைக்க வேண்டும். கூடத்தையோ பாதி முடிந்த சாப்பாட்டு மேசை அடைத்துக்கொண்டு நின்றது. சாவு வீட்டில் நாட்டாமைக்குப் பஞ்சமா? காலைக் கழற்று என்றார் ஒருவர். அப்படியே சாய்த்துத் தூக்கு என்றார் இன்னொருவர். ஜன்னல் வழியாக வெளியே எடுக்கலாம் என்று யோசனை சொன்னவரை என்ன செய்வது?

"ரெண்டு பக்கமும் பிடிச்சு உள்ள தள்ளுங்க. சின்னதாயிடும்" என்றாள் அவள்.

அவள் கணவன் ஒரு பக்கமும் அவன் தம்பி சின்னவன் மறுபக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். அறை நீளத்துக்குக் கிடந்த மேசை சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து, நாலு பேர் உட்காரும் அளவுக்குச் சுருங்கி நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். பிறகு நாலு பேர் அதைத் தூக்கிக் கொல்லைப்புறக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். மேசை நின்ற இடத்தில் மாமனாரைக் கிடத்தினார்கள்.

தெருவில் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் கதவும் ஜன்னலும் அவர் கைபட்டவை. மழை நாட்களில் கதவு இறுகிக்கொண்டால் ஆள் அனுப்புவார்கள். போய் நாலு தட்டு தட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வருவார். வயதான பிறகு வேலையைக் குறைத்துக்கொண்டு கொட்டகையில் எதையாவது இழைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாரும் கண் விழிப்பதே அவருடைய இழைப்புளிச் சத்தத்தில்தான். ஆனால் மேசை என்று ஒன்றை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

செய்ய வைத்தது மூத்த மருமகளின் வாய்.

வீட்டில் எட்டுப் பேர். மாமனார், மாமியார், மூத்தவன், அவள், அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், சின்னவன், சின்னவனின் மனைவி. இருந்ததோ நாலு பேர் உட்காரும் பழைய மேசை. முதலில் ஆண்களும் குழந்தைகளும். அப்புறம் மாமியாரும் சின்ன மருமகளும். பரிமாறி, எடுத்து, துடைத்து முடிப்பதற்குள் மூத்தவளுக்குப் பசியே செத்துவிடும். அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வாள். அவளை நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. உட்காரச் சொன்னவரும் யாரும் இல்லை. ஒரு நாள் கணவனிடம் வெடித்துவிட்டாள்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த வீட்ல ஒரு நாளாவது நான் உக்காந்து நிம்மதியா சாப்பிட்டிருக்கேனா? ஹோட்டல்ல பாத்திரம் கழுவறவகூட ஒரு மூலையில உக்காந்துதான் சாப்பிடுவா. தனியா போயிடலாங்க. ஒரே ஒரு ரூமா இருந்தாலும் பரவாயில்ல."

"மெதுவா பேசு. அப்பா கொல்லையிலதான் இருக்காரு."

"இருந்தா இருக்கட்டும்."

கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் நின்று போயிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சில நாளில் மரம் வந்து இறங்கியது. கூடவே அவருடைய பழைய கூட்டாளியான மர அறுவைக்காரரும் வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

"கதவுக்காரன் டைனிங் டேபிள் செய்யப் போறானாம்! ஏம்பா, அதுக்குக் கீல் வைப்பியா, தாழ்ப்பாள் வைப்பியா?"

"தாழ்ப்பாள் ஒண்ணு மிச்சம் இருக்கு. உன் வாய்க்குப் போட்டு விடறேன், இரு."

இழுத்து நீட்டுகிற மேசை என்றார். வேண்டாதபோது சின்னதாக இருக்கும், வேண்டும்போது இரண்டு பாதிகளையும் பிடித்து இழுத்தால் நடுவில் இடம் விடும், அந்த இடத்தில் பலகைகளைப் போட்டால் எட்டுப் பேர் உட்காரலாம்.

"எதுக்குப்பா இந்த வித்தையெல்லாம்? எட்டுப் பேருக்கு ஒரே பெரிய டேபிளா அடிச்சுப் போட்டா வேலை முடிஞ்சது" என்றான் மூத்தவன்.

"கூடம் சின்னதுடா."

கூடம் அப்படி ஒன்றும் சின்னதில்லை.

சொல்வதற்கு எளிதாக இருந்த மேசை செய்வதற்கு அவரைப் படாத பாடு படுத்தியது. மேலே இருக்கும் பலகைகளை அடியில் தாங்குபவை, ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற நீளமான இழுப்புச் சட்டங்கள். முதல் தடவை நீட்டிப் பலகைகளைப் போட்டதும் மேசை நடுவில் பழைய கயிற்றுக் கட்டில் மாதிரி தொங்கிற்று. சட்டத்தைக் கனமாக்கினார். அந்தக் கனத்திலேயே தொங்கிற்று. மரத்தை மாற்றினார். அப்போதும் ஒரு விரல் தொய்வு. சாப்பிடும்போது நடுவிலேயே கண் ஓடும், அது விரலோ பாதி விரலோ, தொய்வு தொய்வுதான் என்று அதையும் பிரித்துப் போட்டார்.

"இத்தனை காலம் நிக்கிற மரத்தோடதாம்மா பழகினேன். படுத்திருக்கிற மரத்தோட குணமே வேற" என்று ஒரு நாள் அவளிடம் சொன்னார்.

அவள் "ம்" என்றாள். அந்த மாதங்களில் அவள் அவருக்குச் சொன்ன பதிலெல்லாம் "ம்" மட்டும்தான்.

வேறு என்ன சொல்வாள்? அவர் இங்கே மேசையை நீட்டிக்கொண்டிருந்தார், அவளும் கணவனும் வெளியே வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் உட்காருவதற்காக ஒரு மனுஷன் உளியும் கையுமாகக் கிடக்கிறார், அந்த எட்டில் நாலு பேர் போகப் போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். மேசை முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் அது அநியாயம். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். மேசை சரியாக வராமல் இருக்கும்வரை அவளுக்கும் அவகாசம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அது தொங்கியபோது அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

அவர் செத்துப்போன அன்று காலையில் வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். சின்னவன் செல்போன் பழுது பார்க்கும் தன் கடைக்குப் போய்விட்டான். மாமியாரும் சின்ன மருமகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். நிற்கப் போகிற இடத்திலேயே நீட்டிப் பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே மேசையைக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். பலகைகள் போடாமல் வெறும் சட்டங்களாக நீண்டு கிடந்தது.

அவள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தாள். தெருமுனையில் கணவன் வண்டியோடு காத்திருந்தான். வாடகைக்கு வரும் வீட்டை அதன் வீட்டுக்காரம்மா திறந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம் வா. கிட்ட வந்து பாரு."

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நூல் கட்டியிருந்தார். நடுவில் சட்டம் அந்த நூலை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"நடுவுல மேடா இருக்கே மாமா."

"இருக்கட்டும்! வேணும்னுதான் விட்டிருக்கேன். நேரா செய்யச் செய்ய தொங்கிச்சு. ராத்திரி படுத்திருக்கிறப்பதான் மண்டையில உறைச்சுது. தொங்கப் போறது எப்படியும் தொங்கத்தான் போகுது. அந்தத் தொங்கல முதல்லயே கணக்குல சேத்துட்டா என்ன? இப்ப பாக்க மேடாதான் தெரியும். பலகை ஏறி, தட்டு ஏறி, எட்டுப் பேர் முழங்கைய ஊனினா தன்னால இறங்கி நேரா நிக்கும். எப்படி?"

அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை. முடித்துவிட்டார். இனி அவகாசம் இல்லை.

"பலகைய ஏத்தணும். ஒரு பக்கம் நீ பிடி. அப்புறம் நடுவுல உன் பலத்தையெல்லாம் குடுத்து அமுக்கு. நான் குனிஞ்சு நூலப் பாத்துக்கறேன். ஒருத்தனா பண்ற வேலை இல்ல இது."

"டாக்டர் காத்திருப்பாரு மாமா. வந்து பிடிக்கிறேன்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். சேலையைப் பார்த்தார். பிறகு நூலைப் பார்த்தார்.

"போயிட்டு வாம்மா. டேபிள் எங்க ஓடிப் போகுது."

வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது. சமையலறையில் பெரிய ஜன்னல், காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. மூலையில் ஒரு மேசை போடலாம் என்று கையால் அளந்துகூடப் பார்த்தாள். திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள். இப்போது நினைத்தால் நெஞ்சை அடைப்பது அதுதான். அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வாசலில் கூட்டம். உள்ளே, நடுப்பலகையின் ஒரு முனை சட்டத்தின் மேல் ஏறியிருந்தது, மறுமுனை தரையில். பக்கத்தில் அவர். பொறுக்க முடியாமல் ஒற்றை ஆளாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வந்து பார்த்த டாக்டர், இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கும், பலகையைத் தூக்காவிட்டாலும் இன்றைக்கோ நாளைக்கோ நடந்திருக்கும் என்றார். டாக்டர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? இன்றைக்கோ நாளைக்கோ என்றால் நாளைக்கு என்று ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கும் அல்லவா? அதில் அவள் சொல்லியிருக்கலாம். பலகையைப் பிடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் கலைந்தார்கள். மதியத்துக்கு மேல் வீடு ஓய்ந்து, அவரவர் ஒரு மூலையைப் பார்த்து ஒடுங்கிவிட்டார்கள். மூத்தவள் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒரு போர்வையை உதறும்போது கீழே கொட்டகையிலிருந்து இழைப்புளிச் சத்தம் கேட்டது.

மாமா வேலையில் இருக்கிறார், டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான் தூக்கிப் போட்டது. போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

செல்போன் அடித்தது. வீட்டுக்காரம்மா.

"கேள்விப்பட்டேன்மா, மனசு கஷ்டமாயிடுச்சு. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். இன்னொருத்தங்க வந்து பாத்துட்டு உடனே வேணும்னு நிக்கிறாங்க. நீங்க உண்டு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"இப்ப எப்படிங்க..."

"புரியுதும்மா. உங்களுக்காகத்தான் கேக்கறேன். அந்தச் சமையல் ரூம உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சே."

கீழே சத்தம் நிற்கவில்லை. நீளமாக, ஒரே இழுப்பாக ஓடிற்று. சின்னவன்தான் எதையோ இழைக்கிறான் என்று புரிந்தது. எதை என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று மனசின் ஒரு ஓரத்தில் தோன்றவும் செய்தது. ஆனால் காதில் வீட்டுக்காரம்மா காத்துக்கொண்டிருந்தார். வேண்டும் என்பாளா, வேண்டாம் என்பாளா? தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டாள். கேட்கத் தேவையே இல்லாத கேள்வி. கடைசியில், "எங்களுக்குத்தான். வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தபோது கொட்டகைத் தரையெல்லாம் மரச்சுருள்.

சின்னவன் மேசையை நீட்டி வைத்து, சட்டை முழுக்க வேர்வையோடு நின்றான். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு தெளிவு.

"அண்ணி, இங்க வந்து பாருங்களேன். அப்பா பாவம், கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டாரு. சட்டமெல்லாம் நடுவுல புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. நூல் பிடிச்சுப் பிடிச்சு இழைச்சேன். இப்ப பாருங்க, ஒரு நூல்கூட ஏத்த இறக்கம் கிடையாது."

நூல் கட்டியிருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

அவள் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவர் இருக்கிறப்ப ஒரு நாளாவது கூட நின்னு ஒரு கை பிடிச்சிருப்பேனா அண்ணி? எப்ப பாரு கடை, கடைன்னு... இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் இதுல உக்காரணும். அப்பா ஆசப்பட்டது இதுதானே?"

"ஆமா தம்பி" என்றாள்.

வேறு என்ன சொல்வாள்? காலடியில் கிடந்த சுருள்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தாள். மாடியிலிருந்து நாலு எட்டில் இறங்கி வந்திருக்கலாம். 'நிறுத்துங்க தம்பி' என்று மேலிருந்தே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவர் அந்த மேட்டை உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காட்டியிருந்தார். அந்த ஆள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமியாரிடமாவது சொல்லிவிடலாம் என்று உள்ளே போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கணவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சட்டைகளைத்தான் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, அந்த டேபிள்..."

"ஆமா, சின்னவன் சொன்னான். நல்ல வேளை, அவன் கையில ஒரு வேலை கிடைச்சுது. காலையிலேர்ந்து சுவத்துல மண்டைய முட்டிக்கிட்டு இருந்தான். அப்பனுக்கு நான் ஒண்ணுமே செய்யலையேன்னு. இப்பதான் ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கான்." ஒரு சட்டையை எடுத்து உதறினார். "வீடு பாத்தாச்சா? காத்து வருமா?"

அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பல் டாக்டர்கிட்ட போறவ நல்ல சேலையா கட்டிக்கிட்டுப் போவாளான்னு போன் போட்டுச் சிரிச்சாரு. நான் கடைத்தெருவுல நிக்கிறேன். 'வீடு அமைஞ்சிரும் போலிருக்கு, நானும் டேபிள முடிச்சுட்டேன்'னாரு. அதான் எங்கிட்ட கடைசியா பேசின பேச்சு."

"அத்தை, மாமாவுக்கு..."

"மரம் வாங்கறதுக்கு முன்னாடியே தெரியும். பிள்ளைங்க போயிருவாங்கன்னு எனக்கும் சொல்லிட்டாரு. எனக்குக் கோவம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவருக்கு இல்ல. 'உக்கார எடமில்லாத வீட்ல யாருதாண்டி இருப்பா? தப்பு நம்மளுது'ன்னாரு. அதனாலதான் நீட்டற மாதிரி. நாங்க நாலு பேரா இருக்கிறப்ப அது பாட்டுக்குச் சின்னதா கிடக்கும். நீங்க நாலு பேரும் வர்றப்ப இழுத்துக்கலாம். வந்தா எடம் இருக்கணும், அவ்வளவுதான்னாரு." மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துக் கையால் தடவினார். "ஏம்மா, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல அத்தை."

பொழுது சாய்ந்ததும் மேசையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இழுத்து நீட்டிப் பலகைகளைப் பதித்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சின்னவன் விலகி நின்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். மர அறுவைக்காரர் வந்திருந்தார், கையில் ஒரு பை நிறைய ஆப்பிளோடு. நாற்காலிகளைப் போட்டபோது எட்டாவது நாற்காலி அனாதையாக நிற்க, மாமியார் அதை அவருக்குக் காட்டினார்.

"நீங்க உக்காருங்க. காலியா கிடந்தா பாக்க முடியாது."

மூத்தவள் வழக்கம்போலக் கரண்டியோடு நின்றாள்.

"இன்னிக்கு யாரும் பரிமாற வேணாம்" என்றார் மாமியார். "எல்லாத்தையும் டேபிள் மேல வை. வேணுங்கிறத எடுத்துப் போட்டுப்பாங்க. நீயும் உக்காரு."

பாத்திரங்கள் ஏறின. தண்ணீர்க் குடம் ஏறியது. தட்டுகள், டம்ளர்கள் ஏறின. ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழங்கையை ஊன்றினார்கள். சின்னப் பெண் தன் முன்னால் வைத்திருந்த ஆப்பிள் நகர்ந்தது. அவள் கை நீட்டுவதற்குள் உருண்டு போய், நடுவில் குடத்தின் மேல் இடித்து நின்றது.

"ஐ, தானா போகுது!" என்றாள் குழந்தை. அக்காவும் தன் ஆப்பிளை விட்டுப் பார்த்தாள். அதுவும் போயிற்று.

தட்டில் போட்ட குழம்பு எல்லாத் தட்டிலும் மேசையின் நடுப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. மர அறுவைக்காரர் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசையின் விளிம்பைப் பார்த்தார்.

"கடைசியில கணக்கு தப்பிருச்சேப்பா உனக்கு" என்றார், எதிரில் இல்லாத ஆளிடம். "கதவோட நின்னிருக்கலாமில்ல..."

"வயசாயிடுச்சில்லையா" என்றான் மூத்தவன். "அடியில ஒரு கட்டைய வச்சு முட்டு குடுத்துடலாம். டேய், கொல்லையில ஏதாவது கிடக்கும், பாரு."

"அவர் செஞ்சதுக்கு முட்டா?" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சின்னவன் எழுந்திருந்தவன் அப்படியே நின்றான். "நான் நூல் பிடிச்சு நேராத்தானே இழைச்சேன்" என்றான் மெதுவாக.

மர அறுவைக்காரர் நிமிர்ந்தார். "நீ இழைச்சியா? எதை இழைச்ச?"

"சட்டத்த. நடுவுல மேடா..."

"மேடு ஒண்ணுமில்ல, லேசா பிசிறு" என்று மூத்தவள் குறுக்கே விழுந்தாள். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "மாமா எங்கிட்ட எல்லாம் காட்டினாரு. புதுப் பலகை, சட்டத்துல பொருந்தி உக்கார ஒரு நிமிஷம் ஆகும்னாரு. அதுக்குள்ள ஆளாளுக்கு என்ன அவசரம்? உக்காருங்க தம்பி. எல்லாரும் நல்லா உள்ள தள்ளி உக்காருங்க."

நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மேசையை ஒட்டி இழுத்துக்கொண்டாள். அடியில் இழுப்புச் சட்டம் தொடையில் பட்டது. வலது காலை மடக்கி, முழங்காலைச் சட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, விரல் நுனியை ஊன்றிக் குதிகாலைத் தூக்கினாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் தூக்கினாள். எலும்பில் மரம் அழுந்தியது. மேசை, மனசில்லாத மாடு எழுந்திருப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

குடத்தை ஒட்டி நின்ற ஆப்பிளை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்தாள். வைத்த இடத்தில் நின்றது.

"பாத்தீங்களா? உக்காந்துருச்சு" என்றாள். நெற்றியில் வேர்த்தது.

மர அறுவைக்காரர் உள்ளங்கையை மேசை மேல் வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் கை நின்றது. பலகை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு சின்னவனைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நேராத்தான் இருக்கு. கதவுக்காரனா கொக்கா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மர அறுவைக்காரர், கதவுக்காரர் ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்த கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டு, இதுதான் இப்போது பேஷன் என்று சாதித்த கதையைச் சொன்னார். மாமியார் சிரித்து, சிரிப்பிலேயே அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரர் கடைசிவரை நம்பினார் என்று முடித்து வைத்தார். சின்னவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். கணவன் அவள் பக்கம் சாய்ந்து, "வீட்டுக்காரம்மா கூப்பிட்டாங்களா?" என்று காதோடு கேட்டான். "அப்புறம் சொல்றேன்" என்றாள். தொடை மரத்துப்போய், கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. இடது கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாள். அவளுக்குப் பசித்தது. அத்தனை பேருக்கு நடுவில், சூடாக, உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமா, நீங்க இருக்கிறப்ப ஒரு வாய் இப்படிச் சாப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தாள்.

ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்து போனார்கள்.

"நீ எழுந்திருக்கலையா?" என்றார் மாமியார்.

"கொஞ்சம் இருக்கேன் அத்தை."

"இரு, இரு. நிதானமா சாப்பிடு. எல்லாம் சின்னவ எடுத்து வச்சிருவா."

தட்டில் ஒன்றும் இல்லை. காய்ந்த கையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். சின்ன மருமகள் தட்டுகளை அடுக்கி எடுத்தாள். பாத்திரங்கள் இறங்கின. குடம் இறங்கியது. சின்னவன் எங்கிருந்தோ ஈரத் துணி ஒன்றைப் பிழிந்துகொண்டு வந்தான்.

"கைய எடுங்க அண்ணி. துடைச்சிடறேன்."

ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தான். குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் பலகையைப் பார்த்தான். துடைத்த இடத்தை உள்ளங்கையால் தடவினான்.

"சரியாத்தான் இருக்கு, இல்ல அண்ணி?"

"சரியா இருக்கு" என்றாள். குதிகாலைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு தடவை துடைங்க தம்பி."

அவன் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான்.